தம்பிக்கு நட்ட நங்கூரக் கல்

விமான நிலையத்தில் என் பையைத் திறந்து பார்த்த அதிகாரி, ஒரு டஜன் மெழுகுவர்த்திகளை எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கினார். "ஏம்மா, இந்தியாவுல மெழுகுவத்தி கிடைக்காதா?" என்று கேட்டார். கிடைக்கும்தான், ஆனால் இவை நீர்கொழும்பில் எங்கள் அந்தோனியார் கோயிலில் மந்திரித்தவை, என் தம்பியின் கல்லறையில் ஏற்றக் கொண்டுபோகிறேன் என்றேன். அவர் அவற்றைத் திரும்பப் பைக்குள் அடைக்கும்போது ஒன்று ஒடிந்துவிட்டது. திரி மட்டும் இரண்டு துண்டையும் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் தூத்துக்குடிக்கும் மணப்பாட்டுக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள். ஊர்ப் பெயரை எழுதவில்லை. காரணம் போகப் போகத் தெரியும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பிறகு இலங்கையில் நீர்கொழும்புக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் போன சில வருஷத்தில் என் தம்பி தொம்மை கடலில் போய்விட்டான். அவன் சங்கு குளிக்கிறவன். படகில் உள்ள இயந்திரம் காற்றை அனுப்ப, குழாயை வாயில் கடித்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்குகிற வேலை. அன்றைக்குக் குழாய் மட்டும் மேலே வந்தது.

கூட்டாளிகள் நாள்கணக்கில் முங்கித் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. அவன் இறங்கின இடத்தில் கடலடிப் பாறையோடு நீளமாக ஒரு கல் கிடந்திருக்கிறது. வெறுங்கையோடு எப்படி எங்கள் அம்மா முன்னால் போய் நிற்பது என்று, அந்தக் கல்லை இரண்டு வள்ளங்களுக்கு நடுவில் கயிற்றில் தொங்கவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆள் உயரக் கல். ஒரு நுனியில் வட்டமாக ஒரு துளை, மறு நுனியில் சதுரமாக இரண்டு துளைகள். சதுரத் துளைகள் மேலே வரும்படி கல்லறைத் தோட்டத்தில் அதை நட்டு, துளையில் ஒரு பனங்கட்டையைக் குறுக்கே செருகினார்கள். சிலுவையாகிவிட்டது. சுண்ணாம்படித்து, நீலப் பெயிண்டில் தொம்மை என்று எழுதினார்கள். அடியில் அவனுடைய ஒரு முடிகூடக் கிடையாது. எங்கள் ஊரில் கடலில் போனவர்களுக்கு ஒரு மாலையைத் தண்ணீரில் விடுவதோடு சரி. தொம்மைக்கு மட்டும் கரையில் ஓர் இடம் இருந்தது. அம்மா சாகும்வரை அதன் முன்னால் உட்கார்ந்துதான் செபமாலை சொன்னாளாம்.

அங்கே சண்டை முடியட்டும், கடன் தீரட்டும், மாமியார் எழுந்து நடமாடட்டும் என்று எனக்கு வருஷங்கள் ஓடிவிட்டன. அம்மா இறந்தபோதும் வர முடியவில்லை. தொம்மையின் கல்லை, ஊரில் இருக்கும் அண்ணன் மனைவி, என் மதினி, கைபேசியில் அனுப்பிய படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவன் முன்னால் முழங்கால் போட்டே தீருவது என்று நேர்ந்துகொண்டு வந்தேன்.

தூத்துக்குடியில் இறங்கியபோது மழை. எங்கள் நீர்கொழும்பிலும் மழைதான்; ஆனால் அங்கே தண்ணீர் சீக்கிரம் கால்வாயில் இறங்கிவிடும். இங்கே அதற்குப் போக இடம் தெரியவில்லை, தெருவிலேயே நின்றுவிடுகிறது. ஒரு கடையில் ஒதுங்கிப் பொரிச்ச பரோட்டா சாப்பிட்டேன். அப்பளம் போல நொறுங்கியது, சால்னா ஊற்றியதும் அடங்கியது. இந்த ருசியை நாக்கு மறக்கவேயில்லை. கடைக்காரர் இன்னொரு கரண்டி சால்னா ஊற்றிக்கொண்டே, "அக்காவுக்கு எந்த ஊரு?" என்றார்.

"இந்தப் பக்கந்தான்."

"பேச்சு வேற மாதிரி இருக்கே. சிலோனா?"

பிறந்த சீமையில் சாப்பிட்ட கை காய்வதற்குள் வெளிநாட்டுக்காரியாகிவிட்டேன்.

ஊருக்குப் போகிற பஸ் உப்பளங்களைத் தாண்டும் முன்பே நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே தண்ணீர். டிரைவர் இறங்கி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பின்சீட்டிலிருந்து ஒரு ஆள், "ஏலே, பஸ்ஸை எடுக்கியா, இல்ல வள்ளத்துக்குச் சொல்லி அனுப்பவா?" என்றான். டிரைவர் திரும்பாமலே, "நீ இறங்கி முன்னால நட. உனக்கு எது வரைக்கும் நனையுதுன்னு பாத்துட்டு எடுக்கேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அதுதான்.

வீட்டில் அண்ணன் சூசை வாசலிலேயே நின்றிருந்தார். ரொம்ப மெலிந்து போயிருந்தார். மதினி சீலா மீன் குழம்பு வைத்திருந்தாள். அண்ணன் தன் தட்டில் இருந்த நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். சின்ன வயதில் அந்தத் துண்டுக்கு எங்கள் மூன்று பேருக்கும் அடிபிடி நடக்கும். கல்லறைக்கு ஒரு நடை போய்விட்டு வருகிறேன் என்றேன்.

"மழையாக் கிடக்கு. நாளைக்கு எப்படியும் எல்லாரும் போறோம்லா" என்றார் அண்ணன். மதினி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் கல்லறைத் திருநாள். காலையில் பூசை முடிந்து, ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தது. முந்தின நாளே எல்லாக் கல்லறைகளுக்கும் வெள்ளையடித்துவிட்டார்கள். மழையில் சுண்ணாம்பு கரைந்து மணலில் பால் போல ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் விறுவிறுவென்று நடந்து அம்மாவின் கல்லறையில் போய் நின்றுகொண்டார். நான் அம்மாவுக்கு ஏற்றிவிட்டு, பக்கத்தில் தொம்மையைத் தேடினேன்.

அங்கே கல் இல்லை. கொஞ்சம் புது மணல் கொட்டி நிரவியிருந்தது. அவ்வளவுதான். கல்லறைகளுக்கு நடுவில் காலியாக ஓர் இடம் கிடைத்ததால் ஆட்கள் அதன் மேலேயே குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

இடம் மாறி நிற்கிறேனோ என்று முதலில் நினைத்தேன். அண்ணனைப் பார்த்தேன். அவர் அம்மாவின் கல்லறையில் ஏற்கெனவே சரியாக நின்ற மெழுகுவர்த்தியைத் திரும்பத் திரும்ப நிமிர்த்திக்கொண்டிருந்தார். அந்தப் புது மணலில் குத்துக்காலிட்டு ஒரு மெழுகுவர்த்தியை நட்டேன். பின்னால் வந்த ஒரு பெண், "ஏளா, நடக்க வழியில ஏன் ஏத்துத? சேலையில பிடிச்சிரும்" என்றாள். அவள் குற்றமில்லை. வெளியூரிலிருந்து வாழ வந்தவளாக இருக்கலாம்.

புதிதாக மாறுதலாகி வந்திருந்த பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டே வந்தார். அம்மாவுக்குத் தீர்த்தம் தெளித்தார். அடுத்து அந்தப் பக்கத்துக் கல்லறைக்குத் தெளித்தார். நடுவில் மணலில் உட்கார்ந்திருந்த என்னைச் சுற்றிக்கொண்டு போனார். சாமி, இங்கேயும் என்று சொல்ல வாய் வரை வந்தது. இங்கே யார் என்று கேட்டால் எதைக் காட்டுவது?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதிலேயே குறியாக இருந்தார். மதினிதான், "நான் சொல்லுதேன். மறைச்சு என்ன ஆகப்போவுது" என்று ஆரம்பித்தாள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு குழு இந்தக் கரையோரம் முழுக்கச் சுற்றி வந்திருக்கிறது. ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் பழம்பொருள்களைப் பதிவு செய்கிறவர்கள். செம்மணல் தேரியில் ஆதி மனிதன் செதுக்கின கல் துண்டு, ஆற்றங்கரையில் தாழி, ராஜாக்கள் காலத்துச் சிலை என்று எதுவானாலும் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். எங்கள் ஊருக்கும் வந்து, துளை போட்ட நீளக் கற்கள் எங்காவது கிடக்கிறதா என்று விசாரித்திருக்கிறார்கள். நாளைக்குக் கல்லறைத் தோட்டம் பக்கம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"அன்னைக்குச் சாயங்காலமே இவரு போயி அந்தப் பனங்கட்டைய உருவிட்டாரு" என்றாள் மதினி. "மண்ணெண்ணையும் தேங்காச் சவுரியும் வச்சுப் பேரையும் தேச்சு அழிச்சிட்டாரு. சுண்ணாம்பையும் சுரண்டியாச்சு. மறுநாள் அவிய வந்து யாரு கல்லுன்னு கேட்டாவ. யாரு கல்லும் இல்ல, ரொம்ப நாளா சும்மா கிடக்குன்னுட்டாரு. ஊருல மத்தவியளும் இவரு சொன்னதையே சொல்ல, அவிய தூக்கிட்டுப் போயிட்டாவ."

"ஏன் அண்ணே?"

"ஏன்னா கேக்க?" அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "பழைய சாமான் வீட்டுல வச்சிருந்தா கேஸுன்னு ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பக்கம் ஒருத்தன் ஒரு பழைய சிலைய வச்சிருந்தான்னு போலீஸு கூட்டிட்டுப் போயி ரெண்டு நாளு உக்கார வச்சிருக்கு. எம் மவன் கப்பல் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான். போலீஸு விசாரிச்சு நல்ல பேரு குடுத்தாத்தான் கப்பல்ல ஏற புக்கு கிடைக்கும். அந்த நேரம் பாத்து எவன் வம்ப விலைக்கு வாங்குவான்?"

"தொம்மை கல்லறைன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா, கடல்லருந்து ஏன் எடுத்த, யாரக் கேட்டு எடுத்தன்னு அடுத்த கேள்வி வரும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இராயப்பரும் ஏசுவைத் தெரியாதுன்னு மறுதலிச்சாருதான் அண்ணே. அவரு வெளிய போயி அழுதாரு. நீங்க உள்ள வந்து மீன் குழம்பு சாப்பிட்டிய."

சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் ஆணியில் மாட்டின சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் நான் மட்டும் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன். கல் துறைமுகப் பக்கம் ஒரு பழைய உப்புக் கிட்டங்கியில், குழு சேகரித்த பொருள்களோடு, இருப்பதாக மதினி விசாரித்துச் சொல்லியிருந்தாள். பக்கத்து சீட்டில் ஏரல் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. நெற்றியில் திருநீறு, மடியில் காலிச் சாக்குக் கட்டு; சரக்கு எடுக்கப் போகிறார். கண் சிவந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டு, ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். கருப்பட்டி மிட்டாய். அது உள்ளே போனதும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. அண்ணன் செய்ததை விட்டுவிட்டு, எங்கள் ஊர்க் கல் ஒன்றைக் குழு எடுத்துப் போனதை மட்டும் சொன்னேன்.

"அவியளா? எங்க தோட்டத்துக்கும் வந்தாவளே" என்றார். "எங்க சுடலைமாடன் பீடத்துக்குப் பக்கத்துல தலையில்லாத ஒரு செல நிக்கி. அது பழைய சமண சாமியா இருக்கும்னாவ. சமணமோ கிமணமோ, நாங்க எண்ண ஊத்திக் கும்பிடுதோம்னு சொன்னேன். அளந்தாவ, போட்டோ பிடிச்சாவ. போறப்ப செருப்பக் கழத்திட்டு ஒரு சுத்துச் சுத்திட்டு, நாங்க குடுத்த பொங்கலையும் தின்னுட்டுப் போனாவ."

"எடுத்துட்டுப் போகலையா?"

"எதுக்கு எடுப்பாவ? கேக்க ஆளு இருக்குல்லா."

வாயில் இருந்த மிட்டாய் அதற்குப் பிறகு இனிக்கவில்லை.

கிட்டங்கியில் ஒரு இளம்பெண் பொறுப்பாக இருந்தாள். எட்டயபுரத்துக்காரியாம். காதில் சின்னக் கம்மல், கையெல்லாம் மண். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். ஊரைச் சொன்னேன், ஆளைச் சொல்லவில்லை. அங்கே பிறந்தவள், வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறேன், எங்கள் ஊர்க் கல்லை இங்கே வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஊரிலிருந்து ஒருத்தர் தேடிவந்து பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். டீ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

உள்ளே நீளமாகப் பலகைகள். ஒன்றில் நகத்தளவு கல் துண்டுகள். தேரியில் பொறுக்கினவை, இரும்பு வருவதற்கு முன்னால் மனுஷன் மீன் அறுத்த கத்திகள் என்றாள். ஒன்றில் உடைந்த தாழி, அதற்குள் கிடந்த சின்னச் சின்னக் கிண்ணங்கள். ஒன்றில் ராஜா காலத்துக் காசுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். யாரென்றே தெரியாதவன் தின்றுபோட்ட சிப்பிக்குக்கூட ஒரு பையும் ஒரு சீட்டும் இருந்தன. பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல அவள் ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டித் திரும்ப வைத்தாள். அவள்மேல் கோபப்படத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். முடியவில்லை.

கல் மூலையில் செங்கல் மேல் படுத்துக் கிடந்தது. வெள்ளையும் இல்லை, பெயரும் இல்லை. கழுவிச் சுத்தமாக, கறுப்பாக. இடுப்பில் சிவப்பு மையால் ஒரு எண்.

"இது நங்கூரம்மா" என்றாள். "பல நூறு வருஷத்துக்கு முன்னால அரபுக்காரங்க குதிரை கொண்டுவந்தாங்க பாருங்க, அந்த மாதிரிக் கப்பல்கள்ல இருந்தது. இந்த வட்டத் துளையில கயிறு. இந்தச் சதுரத் துளையில மரக்கட்டைய குறுக்கே செருகி..."

எங்களுக்கும் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் அந்தத் துளையில் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு பக்கத்தில் மரநார் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதை ஏன்மா இங்கே கொண்டுவந்தீங்க?"

"கேட்பாரில்லாமக் கிடந்ததும்மா. விட்டா, கரையில வீடு கட்டுறவங்க உடைச்சு அஸ்திவாரத்துல போட்டுடுவாங்க. யாராவது கும்பிடுற கல்லு, கல்லறைக் கல்லுன்னா நாங்க கை வைக்கவே மாட்டோம். அங்கேயே அளந்து பதிஞ்சுட்டு வந்துடுவோம். கல்லறைத் தோட்டத்துல கிடக்கேன்னு நாலு பேர்கிட்ட கேட்டுட்டுத்தான் தூக்கினோம்."

"இப்போ ஒருத்தர் வந்து, அது எங்களோடதுன்னு சொன்னா?"

அவள் யோசித்தாள். "இல்லைன்னு சொன்னவரே வந்து, அப்போ மறைச்சுட்டேன்னு எழுதித் தரணும். மேலே அனுப்புவோம். ஏன் மறைச்சாருன்னு விசாரணை வரும், போலீஸ்லயும் கேட்பாங்க. நாளாகும். ஆனா கிடைக்க வழி இருக்கு. உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, தகரக் கொட்டகையின் கீழ் நின்று அண்ணனைக் கைபேசியில் கூப்பிட்டேன். அவள் சொன்னதையெல்லாம் சொன்னேன். "அண்ணே, சொல்லியிருந்தா அங்கனயே விட்டுருப்பாவளாம். அந்தப் பிள்ள நல்ல பிள்ளையா இருக்கு. நீங்க வந்து ஒரு எழுத்து எழுதிக் குடுத்தாப் போதும்."

அந்தப் பக்கம் கடல் இரைச்சல் கேட்டது.

"விசாரணை வரும்னு சொல்லுதாவளா?"

"வருமாம்."

"பிலோமி, கப்பல் கிடைக்கலன்னா அந்தப் பய சங்கு குளிக்குத்தான் போவான். நான் சொன்னாக் கேக்க மாட்டான். இப்பவே கூட்டாளிவ கூப்பிடுதானுவ." குரல் உடைந்தது. "அவனையும் குழாயக் கடிச்சுக்கிட்டு இறங்கச் சொல்லுதியா? தொம்மைக்கும் அவன் மவன்தானேளா."

கைபேசியை வைத்துவிட்டேன். நேற்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன வார்த்தை இப்போது எனக்கே திரும்பி வந்தது. கைபேசியில் மதினி அனுப்பின படம் இருக்கிறது. வெள்ளைக் கல், நீல எழுத்து, குறுக்கே பனங்கட்டை, முன்னால் செபமாலையோடு அம்மா. உள்ளே போய் அதை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தால் போதும். படத்தை எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு, கைபேசியைப் பையின் அடியில், பாஸ்போர்ட்டுக்குக் கீழே வைத்தேன். மாதாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்ன கேட்பது என்று தெரியவில்லை.

டீ வந்திருந்தது. அந்தப் பெண் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"யாருன்னு ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"இல்லை" என்றேன். "கல்லு கடல்ல எங்கே கிடந்துச்சுன்னு மட்டும் கேள்விப்பட்டிருக்கேன்."

"அதுதாம்மா எங்களுக்குக் கிடைக்காத விஷயம்." நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எங்கள் கோயில் கோபுரமும் உப்பளத்துத் தண்ணீர்த் தொட்டியும் கடலிலிருந்து பார்த்தால் ஒரே நேர்கோட்டில் தெரியும் இடம் என்றேன். நீர்கொழும்பில் இருந்துகொண்டு அந்த இடத்தை நான் எத்தனையோ தடவை மனதில் போய்ப் பார்த்திருக்கிறேன். அவள் வேகமாகத் தட்டினாள்.

"யாரு எடுத்தாங்க?"

"சங்கு குளிக்கிறவங்க."

"அந்த இடத்துல எதுக்கு முங்கினாங்கன்னு தெரியுமா? உடைஞ்ச கப்பல் ஏதாவது கிடக்குதா?"

"சங்கு எடுக்கத்தாம்மா" என்றேன்.

அதையும் தட்டினாள். தகவல் தந்தவர் என்று உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பிறகு திரையை என் பக்கம் திருப்பி, ஏதாவது பிழை இருந்தால் சொல்லுங்கள் என்றாள். கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்தேன். நங்கூரக் கல். இடைக்காலம். சங்கு குளிப்போர் சங்கு எடுக்கும்போது கிடைத்தது. கல்லறைத் தோட்டத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. உரிமை கோருவோர் எவரும் இல்லை.

கடைசி வரி வரை வாசித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.